மணியும் துகளும்

தமிழில் 'மணி' என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. நவரத்தினங்கள் ஒன்பதும் மணிகளே. நெற்கதிரில் முற்றிய வித்தும் மணிதான். ஆலயக் கோபுரத்தில் மூவேளையும் ஒலிப்பதும், செபமாலையில் நம் விரல் தொட்டு நகர்வதும் மணியே. சிறிதாயினும் விலைமதிப்புடையது, உருண்டு திரண்டது, கையில் நிற்பது என்னும் எண்ணம் இவை எல்லாவற்றிலும் இழையோடுகிறது. இக்கட்டுரையில் இருவகை மணிகளை ஒப்புநோக்க விரும்புகிறோம். ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் உருவாகிக் கப்பலேறிய கண்ணாடி மணி. மற்றொன்று, இன்று அதே கடல்கள் கரையில் ஒதுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் குறுமணி. திறனாய்வு என்றாலே காவியத்தையோ ஓவியத்தையோ எதிர்பார்க்கும் வாசகர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். எனினும் மனிதன் தன் கையால் செய்தவற்றுள் எது கலை, எது குப்பை என்று பிரித்தறிவதும் திறனாய்வின் கடமையே.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் வளைவில் இருக்கிறது அரிக்கமேடு. மழைக்குப்பின் மண்ணில் மின்னிய மணிகளை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிவந்த இடம் அது. 1930-களின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அதன் தொன்மையை உணர்ந்தார். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தி, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மட்கலங்களையும் மதுச் சாடிகளையும் வெளிக்கொணர்ந்தார். அவரைத் தொடர்ந்து கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மீண்டும் ஆராய்ந்தது. கிரேக்க மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பாகிய 'பெரிப்புளுசு' கூறும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரது முடிவு. உரோமையின் மது இங்கு வந்து இறங்கியது என்ற செய்தியே நெடுங்காலம் பெரிதாகப் பேசப்பட்டது. இங்கிருந்து புறப்பட்டுச் சென்ற பொருளின் பெருமை பின்னரே புலப்பட்டது. அப்பொருள்தான் கண்ணாடி மணி.

நம் வாசகர்க்கு இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் சொல்லத் தகும். அரிக்கமேட்டில் இன்றும் நிற்கும் செங்கற் சுவர்கள் உரோமையர் காலத்தவை அல்ல. 1770-களில் ஆயர் பிஞ்ஞோ தெ பெஹேன் நடத்திய குருமடத்தின் எச்சங்கள் அவை. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் கீழை நாடுகளின் மாணவரைக் குருக்களாக உருவாக்க நடத்திய அக்கல்விக்கூடம், தூரக்கிழக்கில் எழுந்த கலகங்களால் இடம்பெயர்ந்து இங்கு வந்து சில ஆண்டுகளே நிலைத்தது. ஒருகாலத்தில் மணிகள் கிழக்கு நோக்கிக் கடல்வழி சென்ற அதே மேட்டில், பல நூற்றாண்டுகள் கழித்துக் கிழக்கிலிருந்து கடல்வழி வந்த இளைஞர்கள் அமர்ந்து இறையியல் பயின்றார்கள். தங்கள் காலடி மண்ணில் எத்தகைய வரலாறு புதைந்து கிடந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

மணி எவ்வாறு செய்யப்பட்டது? மணலையும் காரத்தையும் உலையில் உருக்கிக் கண்ணாடியாக்குவர். நீலத்திற்குக் கோபால்ட்டும், செம்மைக்கும் பச்சைக்கும் செம்பும் சேரும். உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழலில் ஏற்றி, நடுவே துளை நிற்குமாறு நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பர். ஆறிய குழாயைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்குவர். கூரிய விளிம்புகள் மழுங்கும்படி அத்துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். ஆந்திர மாநிலத்தில் ரேணிகுண்டாவுக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம்வரை உயிரோடு இருந்தது. அதனை நேரில் கண்டு எழுதிய அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிசு, இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். பெரும்பாலானவை ஆறு மில்லிமீட்டருக்கும் சிறியவை. இவ்வகை மணிகள் ஈழத்து மாந்தையிலும், தாய்லாந்து, வியட்நாம் கரைகளிலும், கொரியா, சப்பான் வரையிலும், மேற்கே ஆப்பிரிக்கக் கரையிலும் கிடைத்துள்ளன. இத்தொழில் காலப்போக்கில் கடல் கடந்து பல துறைமுகங்களில் வேரூன்றியது. அதன் தொடக்ககால உலைக்களங்களுள் அரிக்கமேடு தலையாயது.

இனி இம்மணியைக் கலைப்பொருளாக நோக்குவோம். புதுச்சேரி அருங்காட்சியகத்தின் பேழையில் இவற்றைக் காண்போர் பெரும்பாலும் ஒரு நொடி நின்று அப்பால் சென்றுவிடுவர். உருவம் இல்லை, கதை இல்லை, செய்தவன் பெயரும் இல்லை. ஆனால் பொறுமையோடு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒரே நிறத்தில் ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட இவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் இல்லை. ஒன்றில் துளை சற்றே ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஒன்றில் விளிம்பு கூடுதலாக உருண்டிருக்கும். குழாயை இழுத்தவனின் கைவேகமும் அன்றைய நெருப்பின் நிலையும் அவ்வேறுபாடுகளில் பதிந்துள்ளன. கலைஞன் தன்னை முன்னிறுத்தாமலே தன் கையை விட்டுச் செல்லும் கலை இது. அன்றியும், இம்மணி தனியே நின்று பேசுவதில்லை. நூலில் கோத்தபின்தான் அதற்கு முழுமை. அந்தத் துளையே இதன் இலக்கணம் என்போம். பிறமணிகளோடு சேர்வதற்கென்றே நடுவில் வெறுமையை ஏற்றுக்கொண்ட பொருள் அது.

கண்ணாடியையும் கடலையும் இணைத்த மற்றொரு கலைமுயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்தது. பொகீமியக் கண்ணாடித் தொழிற்குடும்பத்தில் தோன்றிய லியோபோல்ட் பிளாஷ்கா 1853-இல் அமெரிக்கா செல்லும் வழியில், காற்றின்றிக் கப்பல் நடுக்கடலில் அசையாது நின்ற நாட்களில், இருளில் ஒளிவிட்ட இழுதுமீன்களைக் கண்டு வியந்தார். பின்னர் திரெசுடன் நகரில் குடியேறி, தம் மகன் ருடோல்ஃபோடு சேர்ந்து கடற்சாமந்தி, இழுதுமீன், கணவாய், கடல் அட்டை முதலிய மெல்லுடல் உயிர்களைக் கண்ணாடியில் வடித்தார். மீனையும் பறவையையும் பதப்படுத்தி வைக்கலாம். இழுதுமீனைச் சாராயத்தில் இட்டால் நிறம் போய்க் குழைந்துவிடும். ஆகவே உலகெங்குமுள்ள அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் கண்ணாடி உருவங்களை இவர்களிடம் கேட்டு வாங்கின. 1863 முதல் ஏறத்தாழ 1890 வரை ஆயிரக்கணக்கான உருவங்கள் அப்பட்டறையில் பிறந்தன.

இவை பாடக் கருவிகளாகச் செய்யப்பட்டவை. எனினும் இவற்றின் முன் நிற்பவர் மனத்தில் எழுவது ஒருவகை வணக்கவுணர்வு. தன் விருப்பத்தை உருவத்தின்மேல் திணிக்காமல், படைப்பில் உள்ளதை உள்ளவாறு கூறும் பணிவு அவ்விருவரிடமும் இருந்தது. அழகுக்காக ஒரு காலைக் கூட்டவோ, நிறத்தை மிகுக்கவோ அவர்கள் முற்படவில்லை. காலம் இவ்வுருவங்களுக்குப் புதுப் பொருளைத் தந்துவிட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885-இல் வாங்கிய தொகுதி நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனைப் பேணும் பொறுப்பேற்ற கடலுயிரியல் அறிஞர் துரூ ஹார்வெல், அவ்வுருவங்களின் உயிருள்ள இணைகள் இன்றும் கடலில் உள்ளனவா என்று தேடிப் புறப்பட்டு, அத்தேடலை 2016-இல் நூலாக்கினார். உடையக்கூடியது என்று நாம் எண்ணும் கண்ணாடி பாதுகாப்பாக இருக்கிறது. என்றும் இருக்கும் என்று எண்ணிய கடலுயிர்களையோ தேட வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் கடல்வணிக வரலாற்றைக் கலையாக்கியோர் உளர். 2012-இல் தொடங்கிய முதல் கொச்சி-முசிறி கலைவிழாவில் விவான் சுந்தரம், பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட மட்கல ஓடுகளைப் பரப்பி, மறைந்துபோன முசிறி நகரைக் கற்பனையில் எழுப்பினார். 'கறுப்புப் பொன்' என்று பெயரிட்ட அப்படைப்பில் நீரும் மிளகும் அந்நகர்மேல் பாயும் காட்சியும் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் நகரக் குப்பையையே அடுக்கி ஒரு மாநகரின் வடிவம் தந்தவர். ஒருகாலத்தின் குப்பையே மறுகாலத்தின் வரலாறு என்பது அவ்விரு படைப்புகளையும் சேர்த்து நோக்குவோர்க்குத் தோன்றும் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆனால் நம்மால் அதனை முழுமையாக ஏற்க இயலவில்லை. உடைந்த ஓட்டை வரலாறு ஏற்றுக்கொண்டது போலவே நம் பிளாஸ்டிக்கையும் நாளை ஏற்றுக்கொள்ளும் என்ற ஆறுதலை அது தந்துவிடக் கூடாது. ஓடு மண்ணிலிருந்து வந்து மண்ணாகவே கிடந்தது. நாம் விட்டுச் செல்வது அப்படிக் கிடப்பதில்லை.

இதனை விளக்கவே இரண்டாவது மணியை இங்கே கொணர்கிறோம். பிளாஸ்டிக் பொருள்களுள் பெரும்பாலானவை முதலில் பருப்பளவான குறுமணிகளாகவே ஆலையிலிருந்து வெளிவருகின்றன. அவற்றை உருக்கியே குடமும் பையும் வார்க்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்து, அடுத்த மாதம் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 டன் குறுமணிகள் அதிலிருந்தன. நீர்கொழும்பு முதலிய கரைகளில் மணல் தெரியாதபடி அவை குவிந்தன. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க விசுவாசத்தில் வாழும் அப்பகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை வந்தது. கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித்தும் அவர்கள் பொருட்டு நீதிமன்றத்தை நாடியவர்களுள் ஒருவர். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதற்கு இரு மாதங்கள் முன்னர், 2025 மே 25 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் கப்பல் கவிழ்ந்தது. அதன் குறுமணிகள் திருவனந்தபுரம் கடந்து நம் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. மாலுமிகள் இருபத்துநால்வரும் காப்பாற்றப்பட்டது இறையருள்.

அரிக்கமேட்டு மணியும் இக்குறுமணியும் ஏறத்தாழ ஒரே அளவின. இரண்டும் மனிதன் நெருப்பின் துணையால் உண்டாக்கியவை. இரண்டும் கப்பலேறி இதே கடல்வழிகளில் சென்றவை. வேறுபாடு யாது? ஒன்று அழியும், மற்றது அழியாது என்று பலர் விடை கூறுவர். அவ்விடை போதாது. கண்ணாடி மணியும் அழியவில்லையே! இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தும் அதன் நீலம் மங்கவில்லை. நெடுங்காலம் நிலைப்பது குற்றமாயின் முதற் குற்றவாளி அரிக்கமேடே.

வேறுபாட்டை நாம் இரு இடங்களில் காண்கிறோம். முதலாவது, பொருளின் இயல்பில் உள்ளது. கண்ணாடி உடைந்தால் மணலுக்கு நெருங்கிய ஒன்றாகிறது. பிறிதோர் உயிருக்குள் புகுந்து தன்னை உணவென்று நடிப்பதில்லை. பிளாஸ்டிக்கோ வெயிலிலும் அலையிலும் சிதைந்து மேலும் மேலும் நுண்ணிய துகளாகிறதேயன்றி முடிவதில்லை. மீனும் பறவையும் அதனை இரையென்று விழுங்குகின்றன. இரண்டாவது வேறுபாடு மனத்தில் உள்ளது. கண்ணாடி மணி வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. தாய் மகளுக்குத் தந்தாள். இறந்தவரின் கல்லறையிலும் உடன் வைத்தார்கள். நம் பையும் குவளையும் எறிவதற்காகவே செய்யப்படுகின்றன. சில நிமிடப் பயனுக்காகப் பல நூற்றாண்டு நிலைக்கும் பொருளைப் படைப்பது, தச்சன் மகன் என்று அழைக்கப்பட்ட ஆண்டவரைப் பின்பற்றுவோர்க்குப் பொருந்தும் செயலன்று. கைத்தொழிலின் மதிப்பை நாசரேத்துப் பட்டறை நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனை மறைத்து வைப்பது நேர்மையாகாது. பிளாஸ்டிக் குடம் வந்த பின்னரே தொலைவிலிருந்து நீர் சுமந்த நம் பெண்களின் இடுப்புக்குச் சற்றே ஓய்வு கிடைத்தது. நைலான் வலை மீனவனின் உழைப்பைக் குறைத்தது. மருத்துவமனையில் உயிர்காக்கும் குழாயும் பிளாஸ்டிக்தான். கண்ணாடியின் அழகைப் பாடுவோர் பலர் அதனை விலைகொடுத்து வாங்க வல்லவர்கள். வெண்சுவர்க் கூடங்களில் விளக்கொளியில் வைக்கப்படும் கண்ணாடிக் கடலுயிர்கள், குப்பையில் அரிசிப்பை பொறுக்கும் சிறுவனுக்கு என்ன சொல்லும்? கடல் மாசினைப் பேச வந்த கலை, மாசினையே அழகாக்கிக் காட்டிப் பார்ப்பவரை மகிழ்வித்து அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. ஏழையைக் குற்றவாளியாக்கும் ஆபத்தும் உண்டு. ஆதலின் ஏழையின் கைக்குடத்தை நாம் பழிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பயன்படும் குடம், தன்னளவில் மணியின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு வாய் நீருக்காகக் கிழித்தெறியும் உறையே துகளின் இனம். எப்பொருளால் ஆனது என்பதோடு, எவ்வளவு காலம் ஒருவர் அதனைப் பேணுகிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்குக் கடல் தொலைவு என்ற எண்ணம் உண்டு. துரிஞ்சலாறு தென்பெண்ணையில் கலக்கிறது. சாத்தனூர் அணையைக் கடந்து வரும் தென்பெண்ணை, அரிக்கமேட்டிற்குச் சற்றே தெற்கில், கடலூரருகே கடலை அடைகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மலைச்சரிவில் உயிர்கள் மாண்டதையும், தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்வரை ஊர்களை மூழ்கடித்ததையும் நாம் மறக்கவில்லை. அவ்வெள்ளம் வழியிலிருந்த குப்பை அனைத்தையும் வாரிக்கொண்டு கடலுக்குச் சென்றது. முழுநிலா நாளில் இலட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் மலையை வலம் வரும் ஊர் இது. நம் மக்களோ வேளாங்கண்ணிக்கும் பிற திருத்தலங்களுக்கும் நடந்து செல்கிறார்கள். இரு கூட்டத்தாரின் பக்தியையும் நாம் மதிக்கிறோம். இரு வழிகளிலும் பின்தங்கிக் கிடப்பது ஒரே வகைக் குப்பை என்பதும் உண்மை. ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்தும், மஞ்சள் பையை மீட்க முயன்றும் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

இனி நம் இல்லத்திற்குள் வருவோம். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் சொல், முற்காலத்தில் மன்றாட்டைக் குறித்த சொல்லே. வெனிசு நகரில் கண்ணாடி மணி செய்வோருள் ஒரு பிரிவினர், கர்த்தர் கற்பித்த செபத்தின் இலத்தீன் பெயராலேயே அழைக்கப்பட்டனர். மணியும் செபமும் அத்துணை நெருங்கியவை. இன்று நம் செபமாலைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. திருவிழாக்களில் கட்டுக்கட்டாக வாங்கி வழங்குகிறோம். சில வாரங்களில் அறுந்துபோகின்றன. அறுந்ததை மீண்டும் கோப்பார் இல்லை. மந்திரிக்கப்பட்ட பொருளை எறிய அஞ்சி இழுப்பறையில் இடுகிறோம். பிளாஸ்டிக் செபமாலையில் சொல்லும் செபம் இறைவனை எட்டாது என்று நாம் கூறவில்லை. ஏழை விதவையின் காசை ஏற்றவர் அதனையும் ஏற்பார். ஆயினும் அறுந்த மாலையைக் கோக்கப் பொறுமையற்ற கை, செபத்தில் மட்டும் பொறுமை கொள்ளுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆலயச் சாளரங்களின் நிலையும் அதுவே. புதுச்சேரி தூய இருதய ஆண்டவர் பேராலயத்தில் புனிதர்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே காலை ஒளி இறங்குவதைக் கண்டோர் அறிவர், கண்ணாடி தன் ஒளியைத் தருவதில்லை, கதிரவனின் ஒளியை ஏற்று நிறம் கூட்டி வழங்குகிறது என்று. கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவும் ஒளியைக் கன்னிமரியின் தாய்மைக்கு உவமையாகக் கூறினர் இடைக்காலத் திருச்சபையின் ஆசிரியர்கள். இன்று பல சிற்றாலயங்களில் வெற்றுக் கண்ணாடிமேல் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டி அதே தோற்றத்தைக் குறைந்த செலவில் பெற முயல்கிறோம். சில கோடைகளில் அது வெளுத்து, மடிந்து உரிகிறது. பொருளில்லாத பங்கு எளிய வெண்கண்ணாடியோடு நிறைவு கொள்ளலாம். அதில் நாணத்தக்கது ஏதும் இல்லை. ஒன்றை மற்றொன்றாகக் காட்டும் பொய்யே கலையிலும் வழிபாட்டிலும் நாணத்தக்கது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், நம் பொது இல்லமாகிய பூமி குப்பைமேடாகி வருவதையும், பொருளை எறியும் பழக்கம் மனிதரையும் எறியும் மனநிலையோடு தொடர்புடையது என்பதையும் எடுத்துரைத்தார். அரிக்கமேட்டின் பெயரற்ற கொல்லனும் திரெசுடன் நகரின் தந்தையும் மகனும் இதனையே வேறு மொழியில் கூறுகிறார்கள் என்று கொள்வோம். ஒரு சிறு பொருளை அக்கறையோடு செய்தவன் அதனை எளிதில் எறியமாட்டான். அதனைப் பெற்றவனும் எறியத் தயங்குவான். இவ்வளவுகோலைக்கொண்டு நோக்கின், அரிக்கமேட்டு மணியை நாம் முதல்தரக் கலைப்பொருள் என்றே மதிப்பிடுவோம். பிளாஷ்கா உருவங்களை அதற்கு அடுத்து வைப்போம். அவை கண்ணாடிப் பேழைக்கு வெளியே வாழ இயலாதவை. மணியோ மனிதரின் கழுத்திலே வாழ்ந்தது.

திருவெளிப்பாட்டு நூலில் யோவான் இறைவனின் அரியணை முன் கண்ணாடி போன்ற கடலைக் காண்கிறார். அக்காட்சிக்கு உரையாசிரியர்கள் பல விளக்கங்கள் தருவர். நமக்குத் தோன்றும் எளிய பொருள் ஒன்று உண்டு. அக்கடலில் மறைந்து கிடப்பது எதுவும் இல்லை. நாம் ஆற்றில் இட்டவையும் கப்பல்கள் சிந்தியவையும் அங்கே மேலே தெரியும். அதற்குமுன் நம்மால் ஆகக்கூடியது சிறிது உண்டு. திருவிழாவுக்குக் கூடும் பங்குப் பேரவைகள் இவ்வாண்டு அன்னதானத்திற்கு வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் என்று முடிவு செய்யட்டும். வீட்டில் அறுந்து கிடக்கும் செபமாலையை எடுத்து ஒரு பாட்டியும் பேத்தியும் உறுதியான நூலில் மீண்டும் கோக்கட்டும். ஐம்பத்து மூன்று அருள்நிறை மணிகளையும் எண்ணிக் கோத்து முடிப்பதற்குள் அக்குழந்தை, ஒரு பொருளைப் பேணுவது என்றால் என்ன என்பதை நம் கட்டுரையின் துணையின்றியே அறிந்துகொள்ளும்.